மருமகன் கேட்டுவிட்டான்

எங்கள் ஊரில் தாய்மாமன் வீட்டுப் பொருள் மருமகனுக்குப் பாதி சொந்தம். பன்றியைக் கேட்டால் பன்றி, பாயைக் கேட்டால் பாய். இல்லை என்றால் மாமனுக்குத்தான் தலைகுனிவு. இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் எவனோ ஒரு மருமகனாகத்தான் இருப்பான்.

எங்கள் தீவின் லெவுகா மீன் ஆலையில் என் பக்கத்தில் நின்று சூரை மீன் சுத்தம் செய்கிறவள் உலாமிலா. கப்பல் வேலைக்குப் போன புருஷன் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகள், போதை தரும் யாங்கோனா வேர்ச்சாறு குடிப்பதே கதி என்று கிடக்கும் அப்பா. இத்தனைக்கும் நடுவில் இணையதளம் செய்யப் படிக்கிறேன் என்றாள். மீன் வெட்டும்போதே உதடு அசையும்.

"ஜெபமாடி?" என்றேன்.

"இல்லக்கா. பட்டனை நடுவுல கொண்டுவர என்ன எழுதணும்னு சொல்லிப் பாக்குறேன்."

"முதல்ல அந்த மீனுக்குத் தலையை எடு. மேஸ்திரி பாக்குறான்."

சிரித்தோம். ஆனால் அவள் விடவில்லை. மரவள்ளி வேகும் நேரத்தில் ஒரு வரி, பிள்ளைகள் குளிக்கும் நேரத்தில் ஒரு வரி என்று எழுதி, தலைநகர் சுவா போகும் படகுகளின் நேரம் பார்க்க ஒரு பக்கம் செய்துவிட்டாள். என்னைப் போல ஓட்டைப் போன் வைத்திருப்பவர்களுக்காக எழுத்தெல்லாம் பெரிதாக வைத்திருந்தாள். சுவாவில் ஒரு கம்பெனி, சொந்தமாகச் செய்ததைக் காட்டினால் வேலை என்றது. வேலை கிடைத்தால் பிள்ளைகளோடு அங்கேயே போய்விடலாம். மீன் நாற்றம் இல்லாத கையால் அவர்களுக்குத் தலை வாருவேன் என்றாள்.

செய்தது எல்லாம் அவளிடம் இருந்த ஒரே ஒரு பழைய லேப்டாப்பில்தான் இருந்தது. இணையத்தில் ஏற்றி வைக்கும் பாடத்துக்கு அவள் இன்னும் வரவில்லை.

சுவாவில் வெட்டியாகத் திரியும் அவள் அத்தை மகன் பெனாயா அந்த வாரம் வந்தான். அவள் கம்பெனிக் கதையைச் சொல்ல, வாயைப் பிளந்து கேட்டான். பிறகு ஊரே உட்கார்ந்திருக்கும்போது மாமன், அதாவது உலாமிலாவின் அப்பா முன்னால் வழக்கப்படி கையைத் தட்டி, லேப்டாப்பைக் கேட்டான்.

"எடுத்துக்கோ மருமகனே," என்றார் அப்பா, என்ன ஏது என்று கேட்காமல்.

"மச்சான், வெள்ளிக்கிழமை கம்பெனியில காட்ட எனக்கு அது வேணும்," என்றாள் உலாமிலா.

"அதுக்குள்ள தேஞ்சா போயிடும்? தர்றேன்டி."

தரவில்லை. வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு சுவா கம்பெனிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். அவள் செய்த பக்கத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல, மேஜைக்குப் பின்னால் இருந்த கம்பெனி அம்மாவின் முகம் மாறியது. தன் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். அதே படகுப் பக்கம். அடியில் பெனாயாவின் பெயர்.

"இது அவர் நேத்தே காட்டினது. அவரை எடுத்துட்டோம்."

"நான் செஞ்சது," என்றாள் உலாமிலா.

"அப்ப அவர் திருடிட்டாரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஆனால் மருமகன் எடுத்ததைத் திருட்டு என்று வெளியாளிடம் சொன்னால், அப்பா ஊரில் நடமாட முடியாது. அவள் தரையைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தபோது என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பெனாயாவுக்கு வேலை கிடைத்ததற்கு மாமன் வீட்டில் பன்றி வெட்டி விருந்து. அவனுக்குப் பரிமாறியதும் அவள்தான். தின்றுவிட்டு லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தான்.

"பேரை மாத்தும்போது எதுவோ உடைஞ்சிருக்கு போல. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணணுமாம். பண்ணிக் குடுடி."

உலாமிலா நிமிர்ந்தாள். எல்லோரும் பார்க்க, அவன் தட்டியது போலவே கையைத் தட்டினாள்.

"மச்சான், நானும் ஒண்ணு கேக்குறேன். அந்த வேலையை எனக்குக் குடு."

முதலில் பெனாயாதான் சிரித்தான். பிறகு அவள் அப்பா. பிறகு எல்லோரும்.

"வேலை என்ன பாயா, பன்னியா, கேட்டு வாங்குறதுக்கு? படிச்சுல்லடி வாங்கணும்!" என்றான்.

"பையன் காத்திருக்கான் பாரு. சட்டுன்னு செஞ்சு குடு," என்றார் அப்பா.

யாங்கோனாச் சட்டியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்க எனக்குக் கை துடித்தது. அவளோ ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்திருந்தாள்.