பூசைச் சமாதானம்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரம்பானிலிருந்து கத்தோலிக்கச் சாமியார் எங்கள் தோட்டத்துக்கு வந்து பூசை வைப்பார். அதற்கு முந்தின சாயங்காலம் தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் சமாதானமாகிவிடுவோம். மனத்தாங்கலை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக் கூடாது என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே உபதேசியார் பெர்னார்ட் சண்டைக்காரர்களை ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டு, ஒருவர் கையை எடுத்து மற்றவர் கையில் வைப்பார். இருவரும் "ராசி" என்று சொல்ல வேண்டும். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவரவர் சண்டை அவரவரிடம் திரும்பி வந்துவிடும். இதற்கு நாங்கள் பூசைச் சமாதானம் என்று பெயர் வைத்திருந்தோம். சாமியாருக்கு அந்தப் பெயர் தெரியாது.

மாதம் தவறாமல் ராசி சொல்லிக்கொண்ட ஜோடி அந்தோனியம்மாளும் அவள் தம்பி ஜார்ஜின் மனைவி இசபெலும். இசபெலின் மகளைப் பெண் பார்க்க ராசா என்ற ஊரிலிருந்து ஆட்கள் வந்திருந்தபோது, பெண்ணின் வயதைப் பேச்சுவாக்கில் கேட்டார்கள். இசபெல் ஒரு வயதைச் சொன்னாள். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அந்தோனியம்மாள், "நாலு வயசக் கொறச்சிச் சொல்றியே" என்று திருத்தினாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். அந்தோனியம்மாளுக்குப் பொய் வாயில் வராது. எதை எப்போது சொல்வது என்ற யோசனையும் வராது.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தில், சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். பூசை நடக்கும் எங்கள் கோயில் வேலிக்கு வெளியே, புக்கிட் பெலண்டோக் ரோட்டோரம் நின்றுவிட்டது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று, ஒரு பிடிச் சோறுகூட கேட்டைத் தாண்டக் கூடாதென்று சட்டம் வந்தது. பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் மத்தியானம்வரை வெறும் வயிறுதான். மீறினால் வருடக்கணக்கில் ஜெயில். கேட்டில் பெண்களைச் சோதனை போட ஒரு பெண் வேண்டும் என்றபோது, தோட்டத்துத் துரை யோசிக்காமல் அந்தோனியம்மாளைக் காட்டினார். அவளும் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்து வேலையை எடுத்துக்கொண்டாள்.

அவள் கையில்தான் செல்லம்மா மாட்டினாள். செல்லம்மா மாசமாக இருந்தாள். வெறும் வயிற்றோடு மேடேறினால் தலை சுற்றுகிறது என்று ஓர் உருண்டைச் சோற்றை மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருந்தாள். கேட்டோரத் தட்டி மறைவில் அந்தோனியம்மாள் தடவிப் பார்த்தாள், எடுத்தாள், போலீஸ் சார்ஜனைக் கூப்பிட்டாள். செல்லம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று கெஞ்சியது வரிசையில் நின்ற எங்களுக்கெல்லாம் கேட்டது. அந்தோனியம்மாள் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள். செல்லம்மாவைப் போர்ட்டிக்சன் லாக்கப்புக்குக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை கோர்ட். மடியிலிருந்து சோற்றை எடுத்ததற்குச் சாட்சி அந்தோனியம்மாள் ஒருத்திதான்.

அன்றிலிருந்து லயத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. குழாயடியில் அவள் வந்தால் மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ராசி சொல்ல வந்தவளை உபதேசியார் ஓரமாக அழைத்துப்போனார்.

"அந்தோனியம்மா, கோர்ட்டுல, இருட்டா இருந்துச்சி, சரியாத் தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிடேன் லா. லயமே நிம்மதியாயிடும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா, உபதேசியாரே?"

"பொய் இல்லம்மா. சமாதானம்."

"சத்தியம் பண்ணிருக்கேன். சோறு இருந்துச்சி. இருந்துச்சின்னுதான் சொல்லுவேன்."

"புள்ளத்தாச்சி ஜெயில்ல கெடப்பா."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிறகு போய் இசபெலின் கையைப் பிடித்து ராசி சொன்னாள். இசபெல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு ராசி சொன்னாள்.

நற்கருணை வாங்குகிறவர்கள் நடுநிசியிலிருந்து விரதம் இருக்க வேண்டும். முன்பெல்லாம் பூசை முடிந்ததும் சாப்பிட ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுபோய்க் கோயில் மரத்தடியில் பிரிப்போம். வேலி வந்தபின் அது நின்றுபோயிற்று. ஆனால் கை மறக்குமா? அந்த ஞாயிறு காலை இசபெலின் கை தன்பாட்டுக்குச் சோற்றை வாழையிலையில் மடித்து முந்தானையில் முடிந்துவிட்டது. கேட்டில் அந்தோனியம்மாளின் விரல்கள் அந்த முடிச்சில் பட்டபோதுதான் அவளுக்கே நினைவு வந்ததாம். மறைவுக்குள் நடந்ததை இசபெல் பிறகு சொன்னபடிதான் சொல்கிறேன்.

"அண்ணி" என்று மட்டும் சொன்னாளாம். அந்தோனியம்மாள் சார்ஜனைக் கூப்பிட்டால், நேற்று ராசி சொன்னவள் இன்று பழி தீர்த்துக்கொண்டாள் என்று ஊர் பேசும். கூப்பிடாமல் விட்டால் சத்தியம் போயிற்று. அந்தோனியம்மாள் கொஞ்ச நேரம் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை அவிழ்த்து, இலையைப் பிரித்து, சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அவளும் விரதம். இலையில் ஒரு பருக்கை இல்லாமல் வழித்துத் தின்றுவிட்டு, மென்றுகொண்டே வெளியே வந்தாள்.

மலாய்க்கார சார்ஜன் என்ன அது என்று கேட்டார். சோறு, இவள் கொண்டுவந்தது, கேட்டைத் தாண்டவில்லை, இப்போது என் வயிற்றில் இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். தாண்டாத சோற்றை அவர் என்ன செய்வார்? சிரித்துக்கொண்டே கையை ஆட்டிப் போகச் சொன்னார். வரிசையில் சிலர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆண்கள் வரிசையில் செல்லம்மாவின் புருஷன் வீரமுத்து நின்றிருந்தான். லாக்கப்பில் இருக்கும் மனைவிக்கு மாற்றுச் சேலை கொண்டுபோகக் கிளம்பியவன். அவன் சத்தம் போடவில்லை.

"ஏங்க்கா, செல்லம்மா சோத்தையும் நீங்க தின்னுருக்கலாமே?" என்று கேட்டான்.

அந்தோனியம்மாள் வாயில் இருந்ததை விழுங்கினாள். அடுத்த பெண்ணைச் சோதிக்க மறைவுக்குள் போய்விட்டாள்.

சோதனை முடித்துவிட்டுப் பூசைக்குக் கடைசியாக வந்தாள். எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்தபோது அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பூசை முடிந்ததும் இசபெல் தானாகவே அவளிடம் போனாள். உபதேசியார் கூப்பிடவில்லை, யாரும் தள்ளிவிடவில்லை.

"அண்ணி, எனக்காக நற்கருணை வாங்காம இருந்துட்டீங்களே. பொண்ணு விசயத்த இன்னையோட விட்டுட்டேன். நெசமாத்தான் சொல்றேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தோனியம்மாளும் அழுதாள். நாங்கள் கேலி செய்து பழகியவர்கள். அன்று ஒருவரும் கேலி செய்யவில்லை.

"இரு இசபெல்" என்றாள் அந்தோனியம்மாள். "நாளைக்கு கோர்ட்டுல இதச் சொல்லப் போறேன். உன் சோத்தத் தின்னுட்டு உன்ன விட்டேன்னு. உன் பேரக் கேப்பாங்க. அடுத்தவங்க சொல்லி நீ கேக்கக் கூடாது, அதான் இப்பவே சொல்றேன்."

இசபெல் கையை இழுத்துக்கொண்டாள். "போலீசு மாத்தாகாரன் என் வீட்டுக்கு வரணுமா? உங்கள யாரு கேட்டா அண்ணி? நீங்க சும்மா இருந்தா யாருக்கு நட்டம்?"

"செல்லம்மாவுக்கு. அவள மட்டும் புடிச்சிக் குடுத்தேன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"அப்ப என்னோட பேசாதீங்க" என்று இசபெல் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் போலீஸில் பேர் அடிபட்டவர்கள் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை தோட்டத்து லோரியில் அந்தோனியம்மாளோடு வீரமுத்து, உபதேசியார், நான் என்று போனோம். கோர்ட்டில் வெள்ளைக்கார நீதிபதி. பக்கத்தில் மொழிபெயர்க்கத் தமிழ் தெரிந்த ஒருவர். சோறு இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றாள். அதோடு இறங்கச் சொல்வதற்குள், யாரும் கேட்காமலே ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொன்னாள். தம்பி பெண்டாட்டியின் பேரைக் கேட்டார்கள். அதையும் சொன்னாள்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். இரண்டும் ஒரே சோறுதானே, அதைத் தின்றுவிட்டு இதை ஏன் பிடித்துக் கொடுத்தாய் என்று கேட்டார். சத்தியம் செய்திருந்தேன் என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தோம். அவள் திரும்பிச் செல்லம்மாவைப் பார்த்தாள்.

"இவ எங்க கோயில் இல்லீங்க, தொர" என்றாள். "எங்க கோயில்காரியா இருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன். இவகூட ராசியா இருக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

மொழிபெயர்ப்பவர் அதை இங்கிலீஷில் சொல்லச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். உபதேசியார் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லம்மாவை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவள் வயிற்றைப் பார்த்தா, இவள் சொன்னதைக் கேட்டா, நீதிபதிக்கு அன்று மனம் நன்றாக இருந்ததா, தெரியாது. இசபெல் வீட்டுக்கு அந்த வாரமே போலீஸ் வந்து, விசாரித்து, மிரட்டிவிட்டுப் போயிற்று. அந்தோனியம்மாளின் கேட் வேலை போய், மறுபடி மரம் வெட்டப் போனாள். இசபெல் அவளோடு பேச வெகு காலமாயிற்று.

ஆனால் கோர்ட்டிலிருந்து திரும்பிய லோரியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. செல்லம்மா ஒரு பக்கம் புருஷன் தோளில் சாய்ந்திருந்தாள், எதிரே அந்தோனியம்மாள். வழியில் லுக்குட் ஊரைத் தாண்டியதும் அந்தோனியம்மாள் வாய் திறந்தாள்.

"செல்லம்மா, என்ன மன்னிச்சிரு."

"நீங்க பொய்யே சொல்ல மாட்டீங்க இல்லக்கா?" என்றாள் செல்லம்மா. "அப்ப ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு நான் கெஞ்சினப்போ, என்னப் பாத்துப் பாவமா இருந்துச்சா ஒங்களுக்கு?"

உபதேசியார் அவசரமாக, "இருந்திருக்கும்மா, இருக்காம போகுமா" என்றார்.

அந்தோனியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. செல்லம்மாவின் முகத்தைப் பார்த்தே, "இல்லம்மா. இருக்கல" என்றாள்.