ஐந்நூறு மணி நேரக் கேப்டன்

ரெனிஷ் முதன்முதலில் ஓட்டிய விமானம் அம்மாவின் செல்போனில் இருந்தது. விரலால் தட்டினால் மேலே ஏறும், விரலை எடுத்தால் கடலில் விழும், மறுபடி தட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். இப்போது கம்ப்யூட்டரில் ஓட்டுவது அப்படி லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. இன்ஜினைக் கிளப்பவே இருபது நிமிடம் ஆகும். சென்னையில் மழை என்றால் திரையிலும் மழை பெய்யும். வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கும்போது தூத்துக்குடி உப்பளம்கூடக் கட்டம் கட்டமாகத் தெரியும்.

என்ன இருந்தாலும் விளையாட்டு விளையாட்டுதான். அது அம்மா ஞானபாக்கியத்துக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பைலட் பயிற்சிக்கான கண் பரிசோதனையில் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன், "மொதக் கட்டப் பயிற்சி கம்ப்யூட்டர்லதாம்மா" என்று ஒரு போடு போட்டான். முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து எத்தனையோ பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவள், பெற்ற பிள்ளையிடம் கோட்டை விட்டாள். அவனுக்கு வெட்கமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. சோறு போட்டால் தின்றான். மற்றபடி மரத்துப் போயிருந்தான்.

போன வாரம், இணையத்தில் அவனோடு விமானம் ஓட்டும் குழுவினர் ஐந்நூறு மணி நேரம் முடித்ததற்காக ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். பெயருக்கு முன்னால் 'கேப்டன்' என்று போட்டிருந்தது. மேஜையைத் துடைக்க வந்த அம்மா திரையில் அதைப் பார்த்துவிட்டாள். அவனிடம் மூச்சுவிடாமல் நேரே வேதக்கோயிலுக்குப் போய் ஸ்தோத்திரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பிறந்த நாளோ பரீட்சையோ வேலையோ, நல்லது நடந்தால் ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லி ஸ்தோத்திரம் வாசிப்பது அங்கே வழக்கம். "மகன் ரெனிஷை விமானக் கேப்டனாக உயர்த்தினதற்காக ஸ்தோத்திரம்" என்று போதகர் ஐயர் வாசித்தார். அத்தனை தலையும் திரும்பியது. ரெனிஷ் யாருடைய பெயரையோ வாசிக்கிறார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தான்.

ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவின் இசபெல்லா வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், எங்க மவ ஜெபசுதாவுக்கு மாப்பிள்ளை பாக்குதோம். வீட்டுக்குள்ளயே பைலட்ட வச்சிக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலியே!"

அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையும் இந்தப் பொய்க்குள் வந்துவிடும் என்று ரெனிஷுக்குப் பட்டது.

"ஆன்ட்டி, நான் பைலட் இல்ல. அது கம்ப்யூட்டர் கேம். கண்ணு டெஸ்ட்ல என்னைய கழிச்சிட்டாங்க. ரெண்டு வருஷமா அம்மாகிட்ட பொய் சொல்லிட்டிருக்கேன்."

வானிலை அறிக்கை வாசிப்பதுபோல்தான் சொன்னான். இசபெல்லா கையை விட்டாள். "நேரமாவுது டீச்சர்" என்று போய்விட்டாள்.

ஆட்டோவில் அம்மா வேதப் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏச்சு விழும் என்று அவன் நின்றான்.

"எந்தக் கலர் தெரியாதுலே?"

"செவப்பும் பச்சையும்."

"பொறந்ததுல இருந்தேவா?"

"ஆமாம்மா."

அம்மா தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணாப்புல நீ எங்கிட்டதானலே படிச்ச. இலைக்குச் செவப்பு அடிச்சதுக்கு எல்லார் முன்னாலயும் நிறுத்தி உள்ளங்கையில ஸ்கேலால அடிச்சேன். மறுநாளும் செவப்பே அடிச்சே. வேணும்னே செய்யுதேன்னு நெனச்சி மறுபடியும்..."

"எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றான் ரெனிஷ்.

நன்றாகவே ஞாபகம் இருந்தது. இரண்டு வருடமாக எதுவும் உறைக்காமல் கிடந்தவனுக்கு உள்ளங்கை சுரீரென்று எரிந்தது.