பத்தொன்பதோடு நிற்கும் கல்

உப்பளம் கல்லறையில் என் பெயர் வெட்டிய கல் ஒன்று இருக்கிறது. வெட்டியவனும் நான்தான். அடியில் என் மனைவி வெரோனிகா இருக்கிறாள். நான் இன்னும் போய்ச் சேரவில்லை. அவள் பெயருக்குக் கீழே பிறந்த வருஷமும் செத்த வருஷமும் முழுசாக இருக்கின்றன. தேவதாஸ் என்ற என் பெயருக்குக் கீழே 1938 என்று போட்டு, ஒரு கோடு இழுத்து, பிறகு 19 என்று மட்டும் வெட்டியிருக்கிறேன். மிச்ச இரண்டு எண்ணுக்கு இடம் காலி.

அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே கல் என்றால், உயிரோடு இருப்பவர் பெயரையும் சேர்த்து வெட்டி, நூற்றாண்டு வரைக்கும் போட்டு வைப்பது எங்கள் கல் பட்டறையின் வழக்கம். தாத்தா அப்படித்தான் செய்தார், அப்பாவும் அப்படித்தான். பிறகு ஒருநாள் வந்து இரண்டு எண்ணை மட்டும் வெட்டினால் வேலை முடிந்தது, வரிசையும் கோணாது. அவர்கள் காலத்து ஜனங்கள் எல்லாரும் ஒழுங்காக அந்த நூற்றாண்டுக்குள்ளேயே செத்தார்கள். 1996இல் வெரோனிகா போனபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. நெஞ்சுவலி வேறு. அவள் இல்லாமல் நான் நாலு வருஷம் தாண்ட மாட்டேன் என்று எனக்கு அத்தனை நிச்சயமாக இருந்தது.

இரண்டாயிரம் பிறந்ததும், நான் கல் வெட்டிக் கொடுத்த வீட்டு விதவைகள் பட்டறைக்குப் படையெடுத்து வந்தார்கள். "என்னா சொல்தா, நான் போன வருஷமே போயிருக்கணுமா?" என்று ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்கே நின்றாள். சலவைக்கல் தூளைப் பசையில் குழைத்து எல்லாக் கல்லிலும் எண்ணை அடைத்து, காய்ந்ததும் புதிதாக வெட்டிக் கொடுத்தேன். என்னுடையதை மட்டும் தொடவில்லை. சீக்கிரமே வந்துவிடுகிறேன் என்று நான் அவளுக்குச் சொன்ன வார்த்தை அது. அழிக்க மனம் வரவில்லை.

சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்; ஊரில் என்னை அப்படிக் கூப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, பதினைந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து, அப்பாவின் பட்டறையில் உளியைப் பிடித்தவன் நான். பென்ஷனுக்காக, உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒருமுறை பிரெஞ்சுக்காரனுக்கு இன்னமும் நிரூபிக்கிறேன். என் கல்லைப் பார்த்தால் அவன் நம்ப மாட்டான்.

அல்ஜீரியாவில் என்னோடு இருந்தவன் சவரிமுத்து, எங்கள் தெருக்காரன். அங்கேயே செத்தான். குழி தோண்டி மண் போட்டவர்களில் நானும் ஒருவன். கல் வேலை தெரிந்தவன் என்பதால் சிலுவைப் பலகையில் அவன் பெயரையும் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். இங்கே அவன் அம்மா, குடும்பக் கல்லறையில் மகன் பெயரை வெட்டித் தரும்படி என் அப்பாவிடம் நடையாக நடந்தாள். அப்பா அசையவில்லை. "ஆளு அங்க, பேரு இங்கயா? வாணாம்மா. நீ வத்தி ஏத்தி யாரக் கூப்புடுவ?" என்றார். கல்நெஞ்சுக்காரர் என்று எனக்குக் கோபம்தான். ஆனால் ஊருக்கு வந்த பிறகு, கல்லறைத் திருநாளில் அந்த அம்மாவைப் பார்த்தேன். வெளியூரில் புதைத்தவர்களுக்காகத் தோட்டத்து நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்றை ஏற்றிவிட்டு, எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றாள். ஆள் ஓர் இடத்திலும் பெயர் இன்னோர் இடத்திலும் கிடப்பதைப் போல் ஒரு கொடுமை இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு அப்பாவின் சட்டம் என் சட்டமும் ஆயிற்று.

இந்த ஆகஸ்டில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு அசையவில்லை; எலும்பு முறியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. காலையில் விழுந்தவன், மறுநாள் பக்கத்து வீட்டு அந்தோணிமேரி பால் பாக்கெட்டோடு வந்து கதவைத் தட்டும்வரைக்கும் ஈரத் தரையில் கிடந்தேன். கத்திப் பார்த்தேன். வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, யாருக்கும் கேட்கவில்லை. பயந்துபோனேன், பொய் சொல்ல மாட்டேன். அல்ஜீரியாவில்கூட அப்படிப் பயந்ததில்லை. அங்கே பக்கத்தில் ஆள் இருந்தான்.

ஒரே மகன் லூர்துநாதன் பிரான்சில் இருக்கிறான், லில் என்ற ஊர்ப் பக்கம், ரயில்வேயில் வேலை. சேதி தெரிந்ததும் போனில் கத்தினான். "இனிமே உன்ன தனியா உட மாட்டேன் பப்பா. இங்க வந்துடு." முன்பெல்லாம் இந்தப் பேச்சு வந்தால் போனை வைத்துவிடுவேன். இந்த முறை சரி என்றேன். எண்பத்தேழு வயதில் அந்தக் குளிரில் போய் நான் என்ன செய்யப் போகிறேன்? ஆனால் அந்த ஈரத் தரையை நினைத்தால் குளிரே தேவலை என்றிருந்தது.

அக்டோபர் கடைசியில் லூர்து வந்தான். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் விமானம். வீட்டை ஒழித்தான், என் கம்பளிகளை எடுத்துப் பெட்டியில் வைத்தான், வெரோனிகா படத்தைத் துணியில் சுற்றினான். நான் வேறு ஒரு கணக்கில் இருந்தேன். இனிமேல் நான் சாகப் போவது அங்கே, என்னைப் புதைக்கப் போவதும் அங்கே. அப்படியென்றால் உப்பளத்துக் கல்லில் என் பெயர் எதற்கு? சவரிமுத்துவின் அம்மாவுக்கு இல்லாத சலுகை எனக்கு மட்டும் உண்டா? எடுத்துவிட வேண்டியதுதான்.

நவம்பர் முதல் தேதி, லூர்து கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, உளி, பசை, கல் தூள் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். காலையில் பெய்த மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம். கல்லைக் கழுவுகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள், சாமந்தியைக் கூடை கூடையாக இறக்குகிறார்கள். "சொல்தா தாத்தா, இன்னும் பத்தொம்போதுலயே நிக்கிறியா?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கல்லைப் பார்த்து நடந்தேன்.

கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து பசையைக் குழைத்தேன். முதலில் 19ஐ அடைத்தேன். அது சுலபமாக இருந்தது. பிறகு என் பெயரின் முதல் எழுத்துக்கு வந்தேன். 'தே'யின் கொம்பில் பசையை வைத்து அழுத்தினேன். பக்கத்தில் வெரோனிகா பெயர் அப்படியே இருந்தது. நாளைக்கு வருகிறவர்கள் பாதி கல் காலியாகக் கிடப்பதைப் பார்த்து, பாவம், கட்டிக்காத பொம்பளை போல என்பார்கள். முப்பத்தோரு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள். அழுகை வந்துவிட்டது.

"பப்பா!" லூர்து குடையோடு வந்து நின்றான். அந்தோணிமேரி சொல்லியிருக்க வேண்டும். கல்லைப் பார்த்துச் சிரித்தான். "ஒருவழியா இருவது போடப் போறியா?"

"இல்ல. பேர எடுக்கறேன்."

"எதுக்கு?"

"ஆளு வர்றதில்லன்னு ஆயிப்போச்சு. பேரு மட்டும் எதுக்கு?"

அவன் சிரிப்பு போய்விட்டது. ஈரத்தைப் பார்க்காமல் எதிர்க் கல்லில் உட்கார்ந்தான். நான் நேராகவே கேட்டேன். "நான் அங்க செத்தா, என்ன இங்க கொண்டாந்து போடுவியா?"

கொண்டு வருகிறேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த மட்டுக்கு என் பிள்ளை. "வீட்டுக்குப் பக்கத்துலயே நல்ல எடம் இருக்கு பப்பா. மரமெல்லாம் இருக்கும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் வந்து பாப்பேன்" என்றான்.

"உங்கம்மாவ யாரு வந்து பாப்பாங்க?"

அப்போது தூறல் விழுந்தது. அவன் சட்டென்று எழுந்து குடையை விரித்துப் பிடித்தான். என் தலைக்கு இல்லை, கல்லுக்கு. பசை காய்கிற வரைக்கும் நனையக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருஷம் பிரான்சில் இருந்தாலும் பட்டறைக்காரன் பிள்ளை. நான் நனைந்துகொண்டே அவனைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது அவனுக்கும். எனக்கு அவன் மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"நான் வர்ல லூர்து."

"கல்லுக்காகவா பப்பா? ஒரு கல்லுக்காகவா?" குரல் உயர்ந்தது. சுண்ணாம்பு அடிப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "திரும்ப வழுக்கி உழுந்தா?"

"உழுவேன்."

"யாரு வருவா?"

"அந்தோணிமேரி காலைல பால் கொண்டாருவா."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"ஆயிட்டா எடம் பக்கத்துலதான இருக்கு."

அவன் அழுதான். குடையை மட்டும் நகர்த்தவில்லை. நான் உளி நுனியால் 'தே'யின் கொம்பிலிருந்த பசையைச் சுரண்டி எடுத்தேன். காயாததால் வந்துவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையாக நின்றது, பரவாயில்லை. முடித்துவிட்டு அவன் கையைப் பிடித்தேன். "அடக்கத்துக்கு நீ வந்து சேர மாட்ட. அது தெரியும், அதுக்காக மனசு ஒடையாத. மறுநாளே எடுத்துடுவாங்க. கல்லு வேல முப்பதாம் நாளுதான். கல்லுக்கு வா, போதும்."

தலையை ஆட்டினான்.

மறுநாள் கல்லறைத் திருநாள். அடைத்த இடம் ஓரளவு காய்ந்திருந்தது. சாமந்தியும் கூட்டமும் பாட்டுமாக இருக்க, நடுவில் உட்கார்ந்து 20 வெட்டினேன். சுழியம் கொஞ்சம் கோணிவிட்டது. பழைய 19 இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. சொன்ன வார்த்தையைத் தவறினவன் என்று அவள் அங்கிருந்து திட்டட்டும். லூர்து அவளுக்கு மெழுகுவத்தி ஏற்றினான். காற்றில் அணைய அணைய ஏற்றினான். இன்னொன்றைக் கொண்டுபோய், என் சார்பில் சவரிமுத்துவுக்காகப் பெரிய சிலுவையில் வைத்துவிட்டு வந்தான்.

திரும்பி வரும் வழியில் கல் கடை பலராமனிடம், நான் போன பிறகு மிச்ச இரண்டு எண்ணையும் அவன்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லி வைத்தேன். மெஷினைத் தொடக் கூடாது, உளியால்தான் வெட்ட வேண்டும், மகன் பக்கத்தில் நிற்க வேண்டும். "சரி தாத்தா, எந்த ரெண்டு எண்ணு?" என்று பேனாவை எடுத்தான் மடையன். லூர்து அழுதுகொண்டே சிரித்தான்.

மூன்றாம் தேதி மத்தியானம் கார் வந்தது. எனக்காக எடுத்து வைத்த கம்பளிகள் கட்டில் மேல் கிடந்தன. வீட்டுச் சாவி ஒன்றை லூர்து அந்தோணிமேரியிடம் கொடுத்து, "கதவு தெறக்கலன்னா யோசிக்காத, நீயே தெறந்து வந்துடு" என்று அவளை மிரட்டுகிற மாதிரி கெஞ்சினான். என் நெற்றியில் முத்தம் கொடுத்தான். சின்ன வயதில்கூட அப்படிச் செய்தவன் இல்லை. போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வண்டியில் ஏறிக் கண்ணாடியை இறக்கினான்.

"கல்லுக்கு வந்துடறேன் பப்பா."

"அவசரமில்ல. மெதுவா வா" என்றேன்.

கார் தெருமுனையில் திரும்பியது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போடவில்லை, காலையில் அந்தோணிமேரி பால் கொண்டு வருவாள்.