அடுப்பு மூட்டுவதற்கு முன் எடுத்த அளவு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில், அடுப்பை ஒட்டி, தபித்தாள் அக்கா. பிஸ்கட் டின்மேல் தலையணை வைத்து, அதன்மேல் அவருடைய இடது கையைத் தீயைப் பார்த்து நீட்டியிருந்தார்கள். அவர் கணவர் சுவிசேஷமுத்து அண்ணன் விறகுக்கட்டின்மேல். கட்டிலின் கால்மாட்டில், கழுத்தில் டேப்போடு, பக்கத்து வீட்டில் ஜாக்கெட் தைக்கும் கனகமணி. வாசற்படியில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, கொழுந்து எடுப்பவர்களை மேய்க்கும் மேஸ்திரி பொன்னுத்துரை. ஜன்னலுக்குக் கீழே ஸ்டூலில், மடியில் அட்டையும் தாளுமாக நான். தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடுவது என் வேலை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லைனில் யாருக்குக் கடிதம் எழுதுவதென்றாலும், "செலஸ்டினைக் கூப்பிடு" என்பார்கள்.

எழுத வேண்டியது கோயம்புத்தூரில் ஒரு கடைக்கு. கேட்க வேண்டியது ஒரு கை உறை.

போன வருடம் தபித்தாள் அக்காவுக்கு மார்பில் கட்டி எடுத்தார்கள். அக்குளிலும் கீறினார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் அந்தப் பக்கத்துக் கையில் நீர் கோத்து, வீக்கம் தங்கிவிட்டது. இறுக்கிப் பிடிக்கிற உறையைப் போட்டுக்கொண்டுதான் கொழுந்து எடுக்கப் போக வேண்டும் என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லி, கடையின் அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அது தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். சுற்றுவட்டத்தில் பாதி ஃபேக்டரிகளில் புகை வரவில்லை. எங்கள் தோட்டத்திலும் ஆள் குறைக்கச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மெடிக்கல் லீவு அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகும் வேலைக்கு ஏறாவிட்டால் பேர் வெட்டு. பேர் போனால் லைன் வீடும் போகும். உறையோ ஒன்றுதான் வாங்க முடியும். தாளின் அடியில், உடம்பில் அணியும் பொருள் என்பதால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பெரிதாக வந்தால் பயனில்லை. சிறிதாக வந்தால் மேலே கவ்வி, கீழே இன்னும் வீங்கும் என்று நர்ஸ் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்.

"ஒரு சாக்ஸ் வாங்கறதுக்கு இத்தன பேரு பஞ்சாயத்தா?" என்றார் பொன்னுத்துரை.

"கால்ல போடறதா இருந்தா ஒங்கள ஏன் கூப்புடறோம்?" என்றார் அக்கா. "ஒங்க ஆபீஸுக்குப் பதில் சொல்லணுமில்ல, அதான் சாட்சிக்கு ஒக்கார வச்சிருக்கு."

"எங்கிட்ட பேரு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க தபித்தா. இந்த மாசம் முடியட்டும்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

தாளில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று சைஸ் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று இடத்துச் சுற்றளவு: மணிக்கட்டு, முழங்கை, அக்குளுக்குக் கீழே மேற்கை. கனகமணி அளந்தாள்; நான் எழுதினேன். மணிக்கட்டு மீடியத்தில் விழுந்தது. முழங்கை லார்ஜில் விழுந்தது. மேற்கை எதிலுமே விழாமல் தாளைத் தாண்டிப் போனது.

"ஒரே கைதானே?" என்றேன்.

"ஏனுங்க, நான் என்ன ரெண்டு பேரு கையவா அளந்தேன்?" என்றாள் கனகமணி.

மறுபடி அளக்கச் சொல்லிப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். டேப்புக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு அளக்கிறாள்.

"விரலை எடு கனகமணி."

"எடுத்தா எப்புடிங்க? ரெண்டு வெரல் லூஸ் விடலீன்னா போட்டவங்களுக்கு மூச்சு முட்டுமுங்க. நான் இத்தன வருசமா தைக்கறேன், ஒருத்தரு வந்து புடிக்குதுன்னு சொன்னதில்ல."

"இது புடிக்கணும்னுதான் வாங்கறது, தாயே" என்றார் சுவிசேஷமுத்து அண்ணன்.

விரலை எடுத்து அளந்தால் மேற்கை லார்ஜுக்குள் வந்தது. சரி, லார்ஜ் என்று எழுதப்போனேன். மணிக்கட்டு மீடியமாயிற்றே என்று கை நின்றது.

"நடுவுல மீடியமாவே போட்டுடுங்க, செலஸ்டின்" என்றார் பொன்னுத்துரை.

"நடுவுலன்னா? இது என்ன தீபாவளிச் சட்டையா?" என்று அண்ணன் விறகுக்கட்டைவிட்டு எழுந்துவிட்டார். "தப்பா வந்துச்சுன்னா வீட்டக் காலி பண்ணிட்டு நான் எங்க போறது? திரும்பக் கப்பலேறவா?"

அவர் சிறுவனாக இருந்தபோது இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். கோபம் வந்தால் கப்பல் வந்துவிடும்.

சைஸை ஒத்திவைத்து மாடலுக்குப் போனோம். அதிலும் மூன்று: மணிக்கட்டோடு நிற்பது, உள்ளங்கையையும் சேர்த்து மூடி விரல்களை வெளியே விடுவது, தோளில் பட்டையோடு வருவது. பட்டை வைத்ததுதான் நழுவாது, அதை எழுதுங்கள் என்றார் அண்ணன். அக்கா எழுந்தார். மூலையில் கிடந்த கொழுந்துப் பையை எடுத்து, வலது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே கயிற்றை மாட்டி, குனிந்து நின்றார்.

"பட்டை எது வழியா போவும் தம்பி?"

படத்தைப் பார்த்துச் சொன்னேன். இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே வந்து வலது கைக்கு அடியில் போகும்.

"அப்ப கயிறும் பட்டையும் ஒரே எடத்துல அறுக்கும். அதுவும் தழும்பு மேல. வேணாம்."

"மேல பிடிச்சுக்க உள்பக்கம் ரப்பர் வச்சிருக்காம், பட்டை இல்லாததுலயும்" என்றேன்.

"அது போதும். இந்த உள்ளங்கை மூடறதுல வெரல் நுனி வெளிய இருக்குமா? தெளிவா பாருங்க." காற்றில் இரண்டு இலை ஒரு மொட்டைக் கிள்ளிக் காட்டினார். "இது தொட்டாத்தான் எனக்கு எளசு எது முத்தல் எதுன்னு தெரியும்."

இருக்கும் என்றேன். மணிக்கட்டோடு நிற்கிறதைப் போட்டால் புறங்கையில் நீர் இறங்கலாம் என்று நர்ஸ் சொன்னது அக்காவுக்கு நினைவிருந்தது. ஆக மாடல் முடிந்தது. எல்லாருக்கும் தேநீர் வந்தது. அக்கா மறுபடி அடுப்பருகே உட்கார்ந்தார். தேநீரைக் குடித்துவிட்டு, ஒரு நிச்சயத்துக்காக மேற்கையை இன்னொரு தடவை அளந்தோம். விரல் விடாமல்தான் அளந்தாள், நானே பார்த்தேன். அளவு மறுபடி தாளைத் தாண்டியிருந்தது.

"இது என்ன, பாத்துக்கிட்டு இருக்கும்போதே வளருது?" என்றார் பொன்னுத்துரை.

"டேப்பு இழுபட்டுருச்சா?" என்று அண்ணன் கனகமணியைப் பார்த்தார். அவள் டேப்பை என்னிடமிருந்த அடி ஸ்கேலோடு வைத்துக் காட்டினாள். இழுபடவில்லை. "வேண்டாமுங்க, இனி என்னைக் கூப்புடாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடிதத்தில் முகவரியும் மாடலும் மட்டும் இருந்தன. சைஸுக்கு இடம் விட்டு மடித்து எடுத்துப்போனேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும் வழியில், என் எழுத்தில்தான் தப்போ என்ற சந்தேகத்தில் எட்டிப் பார்த்தேன். விறகு நனைந்துவிட்டதாம், அண்ணன் ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார், அடுப்பு இன்னும் பிடிக்கவில்லை. அக்கா அப்போதுதான் எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கனகமணியைக் கெஞ்சிக் கூப்பிட்டோம். அளந்தாள். மணிக்கட்டு மீடியம். முழங்கை மீடியம். மேற்கையும் மீடியம்.

அண்ணன் ஊதுகுழலைக் கீழே போட்டார். "கொறஞ்சிருச்சு! ஏய், சரியாயிருச்சு! சாக்ஸே வேணாம் போல!"

"சும்மா இருங்க. ஒரு ராத்திரில சரியாவுமா?" என்றார் அக்கா. ஆனால் அவரும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு நேற்றைய தாளை நம்புவதா இதை நம்புவதா என்று புரியவில்லை. எடைக்கூடத்தில் இப்படி இரண்டு எடை வந்தால் தராசைக் கழுவுவோம். இங்கே எதைக் கழுவுவது?

அதற்குள் விறகு பற்றிக்கொண்டது. அண்ணன் பழக்கப்படி நாற்காலியை அடுப்பருகே இழுத்துப்போட்டு, டின்னின்மேல் தலையணையை வைத்தார். அக்கா போய்க் கையை நீட்டி உட்கார்ந்தார். எங்கள் லைனில் உடம்புக்கு முடியாதவர்களுக்கு அதுதான் இடம்; குளிர் ஏறினால் எந்த நோவும் கூடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

"ஏனுங்கக்கா" என்றாள் கனகமணி மெதுவாக, "ஆஸ்பத்திரில கைக்கு என்னென்ன ஆகாதுன்னாங்க?"

"வெயிட்டு தூக்கக் கூடாது. ஊசி போடக் கூடாது. வெயில்ல நிக்கக் கூடாது."

"வெயில் எதுக்குங்க ஆகாதாம்?"

"சூட்டுக்கு நீரு கூடுமாம். இங்க வெயிலு எங்கடி இருக்கு? மூணு மாசமா மிஸ்ட்டுல கெடக்கோம்."

சொல்லிவிட்டு அக்கா தன் கையைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அடுப்பைப் பார்த்தோம்.

மலைக்குக் கீழே, கீழ்நாட்டு ஆஸ்பத்திரி, அங்கே யார் அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார்கள்? அவர்கள் வெயிலைச் சொன்னார்கள். நாங்கள் வெயில் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். இருந்தாலும் சட்டென்று நம்ப முடியவில்லை. அக்காவைக் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கவிட்டு அளந்தோம். மேற்கை லார்ஜுக்கு ஏறியிருந்தது.

"நான்தான் தெனமும் அடுப்புக்குக் கிட்டக் கிட்டத் தள்ளி ஒக்கார வச்சேன்" என்றார் அண்ணன். நாற்காலியைத் தூக்கி ஜன்னலுக்குக் கீழே வைத்தார். கம்பளியை எடுத்து அக்காவின் காலில் போர்த்தினார். கையில் போர்த்தப் போய், வேண்டாமென்று எடுத்துக்கொண்டார்.

"அதுக்காக என்னய வெறைக்க வச்சுக் கொல்லாதீங்க" என்றார் அக்கா.

அடுத்த நாள் காலையிலும் அடுப்பு மூட்டுவதற்கு முன் அளந்தோம். மீடியம்தான், முந்திய நாளைவிட ஒரு நூல் குறைவாகக்கூட இருந்தது. அதற்குமேல் காத்திருக்க நாளில்லை. அடுப்புக்கு முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா, கடைக்காரருக்கு எந்த அளவு வேண்டும் என்று தாளில் போடவில்லையே என்ற குழப்பம் எனக்கு அப்போதும் தீரவில்லை. மத்தியானத்துக் கைக்கு மீடியம் இறுக்குமோ?

"இறுக்கத்தானே வாங்கறோம்?" என்றார் அக்கா. "சின்னதா இருக்கற நேரத்துல அளவெடுத்து, அதத் தாண்ட விடாம புடிக்கறதுக்குத்தானே அது? எனக்கு அப்பிடித்தான் படுது. எதுக்கும் அடுப்பு சங்கதியயும் எழுதிடுங்க தம்பி. அவங்க படிச்சவங்க, தப்புன்னா சொல்லுவாங்க."

எழுதினேன். இடது கை, பெண், மீடியம், உள்ளங்கை மூடி விரல் திறந்தது, தோள் பட்டை இல்லாதது. காலையில் எழுந்தவுடன், அடுப்பு மூட்டுவதற்கு முன், டேப்புக்கு அடியில் விரல் விடாமல் எடுத்த அளவுகள் மூன்றும் கீழே. அடுப்பருகே உட்கார்ந்தால் மேற்கை லார்ஜுக்குப் போகிறது. இனி அவர் அங்கே உட்காருவதில்லை. இந்த அளவுக்கு மீடியம் சரியில்லை என்று தங்களுக்குத் தோன்றினால், அனுப்புமுன் தோட்டத்து ஆபீஸுக்குப் போன் செய்து மேஸ்திரி பொன்னுத்துரையிடம் சொல்லவும். அவர் பேரை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க, போன் வந்தா நானே ஓடியாந்து சொல்றேன்" என்றார் பொன்னுத்துரை.

கடிதக் கவரின் மடிப்பில் சோற்றுப் பசை தடவினேன். அக்கா இடது கையின் விரல் நுனிகளால் ஓரம் முழுக்க அழுத்திக் கொடுத்தார். குன்னூர் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. அண்ணன் கடிதத்தை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு ஓடினார். குன்னூரில் தபாலில் போட, கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கை நீட்டி அதை வாங்கியதை வாசற்படியில் நின்று பார்த்தோம்.