பொன் தவளை காட்டிய கை

எங்கள் மலையூர் மிருகக்காட்சிசாலையில் பாம்புகளும் ஆமைகளும் என் பொறுப்பு. தவளை அறை என் கணவர் அப்தியேலுடையது. பனாமாவின் காட்டோடைகளில் இருந்த பொன் தவளைகளைப் பூஞ்சை நோய் துடைத்தெடுத்த பிறகு, மிஞ்சியவை அவருடையதைப் போன்ற கண்ணாடித் தொட்டிகளில்தான் வாழ்ந்தன.

ஓடை இரைச்சலில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? அந்தத் தவளைக்கு வெளிக்காதும் கிடையாது. அதனால் முன்னங்காலைத் தூக்கி மெல்ல வட்டமாக ஆட்டும். கிட்டே வராதே என்று இன்னொரு தவளைக்குச் சொல்வது அப்படித்தான். பார்க்க வருகிறவர்கள் தங்களுக்குத்தான் வணக்கம் என்று பதிலுக்குக் கையாட்டுவார்கள். அதிர்ஷ்டத் தவளை என்று அதன் முதுகுப் புள்ளிகளை எண்ணிக்கொண்டு போய், அந்த எண்ணில் லாட்டரிச் சீட்டு வாங்குவார்கள்.

மருந்துத் தண்ணீரில் கால் கழுவாமல், செருப்பு மாற்றாமல் அந்த அறைக்குள் நுழையக் கூடாது. நான் பாம்புக் கூண்டிலிருந்து நேரே வந்து நின்றால், அப்தியேல் கண்ணாடிக்கு உள்ளிருந்து தவளை மாதிரியே கையை ஆட்டுவார்.

"அங்கேயே நில்லு தாயே. மலைப்பாம்பைக் கொஞ்சிட்டு வர்றியா?"

"உங்க தவளைக்கு வெஷமே கெடையாது. அதுக்கு இவ்வளவு பந்தா."

"காட்டுத் தீனி இல்லாம வெஷம் எப்படி ஊறும்? நீ சமைச்சதைக் குடுத்துப் பாக்கணும்."

சிரித்துக்கொண்டே வெளியில் நிற்பேன். ஒருநாளும் அந்தக் கையை மீறியதில்லை.

கொள்ளைநோய் வந்த வருஷம் அவரை நகரத்து ஆஸ்பத்திரியில், கண்ணாடி அறையில் வைத்தார்கள். தொண்டையில் குழாய். பேச்சில்லை. இனித் தேறமாட்டார் என்று தெரிந்ததும் ஒரு நர்ஸ் இரக்கப்பட்டு எனக்கு மேலங்கியும் முகமூடியும் தந்தாள்.

"ஒரு நிமிஷம் கையைப் புடிச்சிட்டு வந்துடுங்கக்கா."

கதவருகே போனேன். அவர் கண் திறந்தார். போர்வைமேல் கிடந்த கை எழுந்து, மெல்ல வட்டமாக ஆடியது.

"உங்களைத்தான் கூப்பிடுறாரு, போங்க."

"இல்லம்மா. வராதேங்கிறாரு."

நின்றுவிட்டேன். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். அவர் கை இறங்கியது. பிறகு எழவில்லை. மூடிய பெட்டியைத்தான் கொடுத்தார்கள்.

தவளை அறையை இப்போது நான் பார்க்கிறேன். கால் கழுவி, செருப்பு மாற்றி உள்ளே போகிறேன். பாசிக்கல்மேல் ஒரு ஆண் தவளை நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறது. தீனி வைக்க வேண்டும். ஆட்ட ஆட்ட, கிட்டே போகிறேன்.