நூற்றுப் பதின்மூன்றாம் ஷாட்

பர்பேங்க் காபிக் கடையில் டெனிஸ் விமான டிக்கெட்டை லோர்னாவின் முன் மேஜைமேல் வைத்தாள். இதற்காகத் தன் வீட்டையே விற்றுவிட்டாள். நாளைக் காலை அர்ஜென்டினாவுக்குப் பயணம். அறுபது வயதில், இல்லாத ஒரு ரீலைத் தேடி!

இல்லாததுதான். அறுபது வருஷத்துக்கு மேல் ஆன அந்தச் செவ்வாய் கிரக சினிமாவுக்கு, படப்பிடிப்பில் ஷாட் நம்பர் எழுதியவளே லோர்னாதான். அப்போது வயது இருபத்திரண்டு. நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு கைதவறி நூற்றுப் பதினான்கு போட்டுவிட்டாள். எடிட்டர் கேட்டபோது, "எடுத்தோம் சார், லேப்ல தொலைச்சிருப்பாங்க" என்று கூசாமல் சொன்னாள். அவ்வளவுதான் சங்கதி. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அந்த ஷாட்டில் படத்தில் வரும் ரோபோ தலையைக் கழற்றி முகம் காட்டுகிறது, அந்த ரீல் அர்ஜென்டினாவில் கிடக்கிறது என்று கதை கட்டிவிட்டார்கள். ரோபோ உடைக்குள் நின்று நடித்தவர் டெனிஸின் அப்பா. அவள் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தார். இருந்த போட்டோக்களும் ஒரு தீ விபத்தில் பழைய வீட்டோடு எரிந்துபோயின.

"இந்தா, ஷாட் நம்பர் எழுதின என் நோட்டு. அப்படி ஒரு ஷாட் எடுக்கவே இல்லம்மா. தப்பு என்னோடது," என்றாள் லோர்னா.

டெனிஸ் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். "இப்படிச் சொல்லச் சொல்லி யாரு உங்களை அனுப்பினது?"

"ஐயோ, யாரும் அனுப்பல! வேலை போயிடும்னு பயந்து புளுகிட்டேன். உன் கால்ல வேணாலும் விழறேன், போகாத."

"அப்போ அவர் முகம் எதுலயுமே இல்லையா?"

"இல்ல. சாப்பிடும்போது மட்டும்தான் அந்தத் தலையைக் கழட்டுவாரு. அதை யாரு படம் புடிப்பா?"

டெனிஸ் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று லோர்னாவுக்குத் தோன்றியது.

"அப்போ நீங்க பாத்திருக்கீங்க. தினமும் பாத்திருக்கீங்க. சொல்லுங்க, எப்படி இருப்பாரு?"

லோர்னா கண்ணை மூடினாள். ரோபோவின் எந்த முழங்காலில் கீறல், எந்தக் கையில் துப்பாக்கி, எல்லாம் அச்சாக வந்தது. முகம் வரவில்லை. இருபது நாள் எதிரே உட்கார்ந்து சாண்ட்விச் தின்ற மனிதர். பாவி நான், ஒரு தடவையாவது நிமிர்ந்து அவரைப் பார்த்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

டெனிஸ் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உன் கண்ணுதான்," என்றாள் லோர்னா அவசரமாக. "அப்படியே அதே கண்ணு. சிரிச்சா இடது கன்னத்துல குழி விழும்."

டெனிஸ் தன் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நாற்காலியை நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.