தபீதாள் கூப்பிட்ட ஆட்டோ

தாம்பரம் கோர்ட்டு வராந்தாவில் காலையிலிருந்து காத்துக்கிடந்தாள் தபீதாள். தூணோரம் நின்றிருந்த அவள் தெரு ஆட்டோக்காரன் அப்பாதுரை அவளைப் பார்த்ததும் போய் டீ வாங்கிவந்து நீட்டினான்.

"இன்னாக்கா, சாப்டியா இல்லியா? மூஞ்சே வாடிக்கீது."

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்?"

"என்னாலதான உன்னையும் இஸ்துகினு வந்து பேஜார் பண்றானுங்க. பாவம், நீ இன்னா பண்ணுவ. குடிக்கா."

டீயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். நட்சத்திர ஆமை கடத்திய கேஸில் அவன்தான் அக்யூஸ்டு. துப்புக் கொடுத்தது அவள். அது அவனுக்குத் தெரியாது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் தினகரன் வீட்டில் அவள் பாத்திரம் தேய்த்துவந்தாள். ஒருநாள் மாடியைக் கூட்டப் போனவள், காலும் தலையும் வெளியே வராதபடி டேப் சுற்றிய ஆமைகளை ஒரு பெட்டியில் பார்த்தாள். ஒன்று செத்து நாறிக்கிடந்தது. வாயில்லா ஜீவனை இப்படியுமா வதைப்பான் பாவி என்று வயிறெரிந்துதான் வனத்துறைக்குப் போன் போட்டாள். பெட்டி கிளம்பும்போது சொல்லும்மா, பின்னாலேயே வருகிறோம் என்றார் அதிகாரி.

அந்த நாளும் வந்தது. "ஆப்ல புக் பண்ண வேணாம், தெரிஞ்ச ஆட்டோவா கூப்பிடு" என்றார் தினகரன். அவள் தெருவில் சவாரி கிடைத்தால் முதலில் தெருக்காரனுக்குத்தான் கொடுப்பார்கள். வெளியாளுக்குக் கொடுத்தால் குழாயடியில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். கை தானாகவே அப்பாதுரை நம்பரை அழுத்தியது. சவாரி ஏற்றியவனை யார் பிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள், புத்திகெட்டவள்.

பெட்டியோடு ஆட்டோ கிளம்பியதும் அவள் போன் போட, வனத்துறைக்காரர்கள் பெருங்களத்தூரில் மடக்கினார்கள். அவன் ஜெயிலுக்குப் போய் ஜாமீனில் வந்தான். பிடித்துவைத்த ஆட்டோ இன்னும் வரவில்லை. மாடியை யாருக்கோ வாடகைக்கு விட்டிருந்ததாகச் சொல்லித் தினகரன் சாட்சியாகிவிட்டார். இதோ, அதே வராந்தாவில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அரசு வக்கீல் சத்யபிரியா வெளியே வந்து தபீதாளைத் தள்ளி அழைத்துப்போனார். "பயப்படாதீங்கம்மா. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்."

"மேடம், பெட்டி தினகரன் சாரோடது. ஆமையெல்லாம் என் கண்ணால பாத்தேன். அப்பாதுரைக்கு ஒண்ணும் தெரியாது மேடம்."

"எனக்கும் அவர் மேல டவுட்தான். ஆனா ப்ரூஃப் இல்லையே. பெட்டி கிடைச்சது இவர் ஆட்டோல. நீங்களும் பின்வாங்கினா கேஸே நிக்காதும்மா."

"அப்ப இவன் வாயில மண்ணப் போட்டது நாந்தானே மேடம்?"

சத்யபிரியா கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கோர்ட்டு டவாலி தபீதாளின் பேரைக் கூவினான்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் தினகரன் பேரை எடுத்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்மா என்றார் நீதிபதி. மறுபடி எடுத்தாள். மறுபடியும் அதையே சொன்னார். அப்பாதுரைக்காகக் கோர்ட்டு கொடுத்திருந்த இலவச வக்கீல் அடுத்த கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பெட்டி ஏத்தின ஆட்டோவை ஓட்டினவர் இங்க இருக்காரா? அடையாளம் காட்டுங்க."

தபீதாளுக்குக் கை எழவில்லை. சத்யபிரியா இன்னொரு தடவை கேட்டார். கோர்ட்டே அவளைப் பார்த்தது.

எதிர்க் கூண்டிலிருந்த அப்பாதுரை ஓரடி முன்னால் வந்து, அவளுக்கு நன்றாகத் தெரிகிறமாதிரி நின்றான்.

"காட்டுக்கா, பரவால்ல. லேட்டாவுது பாரு, நீ வேலைக்குப் போவ வாணாமா?"

தபீதாள் கையைத் தூக்கினாள்.